ஹெரிடேஜ் டே முகாம்: கோடரியா வாளியா, வண்டியில் எதை முதலில் ஏற்றுவது?

பீனிக்ஸ்_பையன்

வணக்கம். செப்டம்பர் 24, தென்னாப்பிரிக்காவின் பாரம்பரிய நாளான ஹெரிடேஜ் டேயை ஒட்டி டர்பனிலிருந்து ஐந்து குடும்பம் சேர்ந்து பெர்க் (டிராகன்ஸ்பெர்க் மலை) பக்கம் போகிறோம். ராயல் நட்டால் பூங்காவில் மஹாய் முகாமில் இடம் பிடித்தாயிற்று. கூடாரம், மெத்தை, பிள்ளைகளுக்கு ஜாக்கெட் எல்லாம் தயார். நெருப்பு விஷயத்தில்தான் வாட்ஸ்அப் குழுவில் தினம் சண்டை.

இதுவரை பக்கியில் (பின்னால் திறந்த சரக்கு வண்டி) ஏற்றச் சொல்லியிருப்பவை: பெரிய கோடரி, ஒரு செயின்சா (மச்சானுடையது, அவருக்கு அதைக் காட்ட வேண்டும்), சங்கிலியோடு முக்காலி, 3ஆம் நம்பர் பொய்கி சட்டி (மூன்று கால் வார்ப்பிரும்புச் சட்டி), பேட்டரியில் ஓடும் ஊதுகருவி, இரண்டு லிட்டர் பாரஃபின் (மண்ணெண்ணெய்), வீட்டுக்குப் பின்னால் வெட்டிப் போட்ட மரத்தின் விறகு ஏழெட்டு மூட்டை.

இன்னொரு சிக்கல், அது புரட்டாசி. பாதிப் பேர் விரதம். மீதிப் பேர் பூரவோர்ஸ் (இந்த ஊர் இறைச்சி சாசேஜ்) இல்லாமல் பிராய் (கங்கில் சுட்டுச் சாப்பிடுவது) என்ன பிராய் என்கிறார்கள். ஒரே நெருப்பில் எப்படிச் சமாளிப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பக்கி_மாமா

தம்பி, பட்டியல் அருமை. ஃபயர்லைட்டர் (நெருப்பு பற்றவைக்கும் கட்டி) மட்டும் விட்டுப்போச்சு. விறகை இன்னும் இரண்டு மூட்டை சேர்த்துக்கொள், பெர்க்கில் இராத்திரி எலும்பு வரைக்கும் குளிரும். புரட்டாசிக்காரர்களுக்கு மீலி (மக்காச்சோளம்) சுட்டுக் கொடு.

மலைநடை

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறேன், பெர்க்கில் அடிக்கடி நடப்பவன். மாமா மன்னிக்கணும், இந்தப் பட்டியலில் நெருப்பு மூட்ட இத்தனை சாமான் இருக்கிறது, அணைக்க ஒன்று கூட இல்லை.

முதலில் காலத்தைப் பாருங்கள். செப்டம்பர் கடைசி என்றால் நட்டாலில் இன்னும் மழை சரியாகப் பிடித்திருக்காது. மே மாதத்திலிருந்து காய்ந்த புல் மலை முழுக்க மஞ்சளாக நிற்கும். அதோடு ஆகஸ்ட், செப்டம்பரில்தான் பெர்க் விண்ட் அடிக்கும். உள்நாட்டு மேட்டுநிலத்திலிருந்து காற்று கடற்கரை நோக்கிச் சரிந்து இறங்கும்போது அழுத்தத்தில் சூடாகி, ஈரம் இல்லாமல் வரும். காலையில் ஸ்வெட்டர் போட்டவன் பத்து மணிக்குச் சட்டையைக் கழற்றுவான். பெரும்பாலும் ஒரு குளிர் அலைக்கு முன்னால்தான் அது அடிக்கும். அந்தக் குளிர் அலை வந்து சேரும்போது காற்று திடீரெனத் திசை மாறும். கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்த பொறி அப்போது கூடாரத்துக்கே வரும். மதியம் பார்த்துத் தேர்ந்தெடுத்த 'காற்று மறைவு' மாலையில் மறைவாக இருக்காது.

அதனால் கிளம்பும் நாளிலும், அங்கே இருக்கும் ஒவ்வொரு நாள் காலையிலும் தீ அபாய நிறம் என்ன என்று பாருங்கள். நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஐந்து படி. 1998ஆம் வருஷத்து வெல்டு (புல்வெளி) மற்றும் காட்டுத் தீச் சட்டப்படி, அபாயம் அதிகம் என்று எச்சரிக்கை வெளியிட்டுவிட்டால் அந்தப் பகுதியில் திறந்தவெளியில் தீ மூட்டக் கூடாது. 'நான் சின்னதாகத்தான் மூட்டினேன்' என்பதெல்லாம் அங்கே செல்லாது. முகாம் அலுவலகத்தில் கேட்டால் இன்று மூட்டலாமா என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வாதாட வேண்டாம்.

போகும் வழியில் மலையில் கறுப்புக் கறுப்பாகப் பட்டை தெரியும். பயப்பட வேண்டாம், பூங்காக்காரர்களே குளிர்காலத்தில் திட்டமிட்டு எரித்த தீத்தடுப்புக் கீற்றுகள் அவை. அவர்கள் எவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்று அதைப் பார்த்தாலே புரியும்.

பீனிக்ஸ்_பையன்

அண்ணே, நன்றி. அப்போ மேலே குகையில் ஒரு இராத்திரி தங்கலாம் என்று இளவட்டங்கள் சொல்கிறார்கள். அங்கே மூட்டலாமா?

மலைநடை

கூடவே கூடாது. பெர்க்கில் முகாமுக்கு வெளியே, மலைப்பகுதியிலும் குகைகளிலும் தீ மூட்டத் தடை. சமையலுக்குச் சின்ன கேஸ் அடுப்பு மட்டும். 2000ஆம் வருஷம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் அந்த மலைத்தொடரைச் சேர்த்ததற்கு ஒரு காரணமே பாறைமறைவுகளில் சான் பழங்குடி மக்கள் வரைந்த ஓவியங்கள்தான். புகைக்கரி அதில் படிந்தால் துடைத்து எடுக்க முடியாது, சூட்டில் பாறைத்தோல் உரிந்தும் விழும்.

கேஸ் எடுத்துப் போனால் ஒன்று கவனியுங்கள். குளிர் பூஜ்ஜிய டிகிரிக்குக் கிட்டே போனால் வெறும் பியூட்டேன் ஆவியாகாது. புரோப்பேன் கலந்த டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் விடியற்காலை டீ கிடைக்காது.

பக்கி_மாமா

எல்லாத்துக்கும் சட்டம் பேசினால் அப்புறம் எதுக்கு முகாம்? வீட்டிலேயே மைக்ரோவேவ் இருக்கிறது. முப்பது வருஷமாகப் பிராய் போடுகிறேன். முடிந்ததும் ஸ்பேடால் இரண்டு அள்ளு மண் போட்டு மூடினால் தீர்ந்தது. வாளி தண்ணீர் ஊற்றினால் சாம்பல் எல்லார் முகத்திலும் பறக்கும், பிராய் குழியும் சேறாகும், மறுநாள் காலையில் ஈர விறகோடு மல்லுக்கட்டணும்.

கேப்_அக்கா

மாமா, மண் போட்டு மூடுவது அணைப்பது ஆகாது, ஒளித்து வைப்பது. மணலும் மண்ணும் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். இராத்திரி மூடிய கங்கு விடியும்வரை சுடும். வெளியே பார்த்தால் வெறும் மண்ணாகத்தான் தெரியும். அடுத்த நாள் அந்த இடத்துக்கு வரும் குடும்பத்தில் செருப்பில்லாமல் ஓடுகிற பிள்ளைதான் அதைக் கண்டுபிடிக்கும். கடற்கரையில் இது சகஜமாக நடக்கிறது. காற்று அடித்தால் மேலே போட்ட மண் பறந்து உள்ளே இருக்கும் கங்கு மறுபடி கண் விழிக்கும்.

எங்கள் கேப் பக்கம் இன்னும் மோசம். ஃபைன்போஸ் என்கிற புதர்க்காட்டு மண்ணில் காய்ந்த வேரும் இலைச்சருகும் ஆழமாக இருக்கும். கங்கு அதைப் பிடித்துக்கொண்டு தரைக்கு அடியிலேயே புகைந்து, இரண்டு நாள் கழித்து வேறு இடத்தில் எழும்பும். உங்களுக்குக் குளிர்காலம் தீக்காலம் என்றால் எங்களுக்கு டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை, தென்கிழக்குக் காற்று அடிக்கும் கோடைதான் தீக்காலம். அதனால் டர்பனில் பழகிய கணக்கை கேப்புக்கு விடுமுறையில் கொண்டுவராதீர்கள்.

2021 ஏப்ரலில் டேபிள் மவுண்டன் சரிவில் பிடித்த தீ கேப்டவுன் பல்கலைக்கழகத்துக்குள் இறங்கி ஜாகர் வாசிப்பறையை எரித்தது. ஆப்பிரிக்கா பற்றிய எத்தனையோ பழைய நூல்களும் படச்சுருள்களும் அதில் போயின. மலையில் எரிந்தது நூலகம் வரை வரும் என்று முந்தின நாள் சொல்லியிருந்தால் யாராவது நம்பியிருப்போமா?

ஃபைன்போஸ் எரியவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தச் செடிகளில் பலவற்றுக்கு விதை முளைக்கத் தீ வேண்டும். ஆனால் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை வர வேண்டியது அடுத்தடுத்து வந்தால், புரோட்டியாச் செடி பூத்து விதை சேர்ப்பதற்குள் கருகிவிடும். அப்புறம் அந்த இடத்தில் அது திரும்ப வராது.

டோங்காட்_ஆயா

பேரன் தட்டச்சு செய்கிறான், நான் சொல்லச் சொல்ல. ஆடிமாதம் மாரியம்மனுக்குக் கஞ்சி காய்ச்சும்போது கோயில் பின்புறம் எட்டு அண்டா விறகடுப்பில் ஏறும். அந்த அடுப்பங்கரையில்தான் நான் கிழவியானேன். நீறு பூத்த நெருப்பு என்று சும்மாவா சொன்னார்கள்? மேலே வெள்ளைச் சாம்பல், கீழே செக்கச்செவேல்.

பக்கி ஓட்டுகிற தம்பி சொன்ன சாம்பல் பறக்கிற பிரச்சினை உண்மைதான். அது ஒரே வாளியாகக் கவிழ்ப்பதால் வருகிறது. ஓரத்திலிருந்து கையால் தெளித்துக்கொண்டே உள்ளே வர வேண்டும். 'சொய்' சத்தம் குறைந்ததும் கம்பால் கிளறு. மறுபடி தெளி. பெரிய கட்டையைப் புரட்டி அடிப்பக்கமும் நனை. இப்படி மூன்று தடவை. புகையும் ஆவியும் நின்றபின் புறங்கையைச் சாம்பலுக்கு மேலே காட்டு, அப்புறம் மெல்லத் தொட்டுப் பார். சுட்டால் இன்னும் ஒரு வாளி. உள்ளங்கை வேண்டாம், வேலை செய்து காய்ச்சுப்போன கைக்குச் சூடு தெரியாது.

இன்னொன்று, தூங்கப் போகும் நேரத்தில் புதுக்கட்டை வைக்காதீர்கள். கடைசி ஒரு மணி நேரம் இருக்கிறதைத் தணிய விடுங்கள். எல்லாம் வெந்து சாம்பலானால் அணைக்கக் கால் வாளி போதும். பாதி எரிந்த தடிக்கட்டையை அணைக்கத்தான் ஊர்த் தண்ணீர் வேண்டும்.

தீமிதி_தொண்டன்

ஆயா சொன்னதுக்கு மேலே போக எனக்குத் தைரியம் இல்லை. குட் ஃப்ரைடே தீமிதிக்குக் குழி தயார் செய்யும் குழுவில் இருக்கிறேன். எங்கள் வேலையே கங்கைப் பரப்பி, சாம்பலை வாரி, சமமாக்குவதுதான். மறுநாள் குழியைச் சுத்தம் செய்யப் போனால் மேலே கோழி நடந்து போகும் அளவுக்கு ஆறியிருக்கும், வாரியை ஒரு சாண் இறக்கினால் சிவப்பாகப் பார்க்கும்.

கருவி பற்றிக் கேட்டீர்கள். நீளக் கைப்பிடி உள்ள இரும்பு வாரி ஒன்று எடுத்துப் போங்கள். தோட்டத்து வாரி போதும், பிளாஸ்டிக் பல் வேண்டாம். கங்கை ஒரு பக்கம் தள்ளிச் சமைப்பதற்கும், கடைசியில் கிளறி அணைப்பதற்கும் அதற்கு ஈடு கிடையாது. கடையில் 'முகாம் தீக் கருவி செட்' என்று மடக்கு டாங்ஸ், குட்டிக் குத்துக்கம்பி, ஊதுகுழல் எல்லாம் பையில் போட்டு விற்கிறார்கள். பார்க்க அழகு. கைப்பிடி குட்டை, புருவம் பொசுங்கும்.

ஜோபர்க்_புதுசு

மதுரையிலிருந்து வந்து ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை. இந்த ஊர் முகாம் கலாசாரம் இப்போதுதான் பழகுகிறேன். ஒரு சந்தேகம். தெருவோரம் தகரடின்னில் ஓட்டை போட்டு இம்பவுலா என்று கரி மூட்டிக் குளிர் காய்கிறார்கள். அந்த மாதிரி ஒன்றைக் கங்கோடு கூடாரத்துக்குள் கொஞ்ச நேரம் வைத்தால் பிள்ளைகளுக்குக் கதகதப்பாக இருக்குமே? புகை வராத நல்ல கங்காக எடுத்து வைத்தால்?

நர்ஸ்_மெர்பேங்க்

தயவுசெய்து வேண்டாம். புகை இல்லாத கங்கிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு அதிகம் வரும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, இருமலும் வராது. தலை லேசாக வலிக்கும், தூக்கம் சொக்கும், அவ்வளவுதான். தூக்கத்திலேயே போய்விடுவார்கள். இந்த நாட்டில் ஒவ்வொரு குளிர்காலமும் அடைத்த அறையில் இம்பவுலா வைத்துத் தூங்கிக் குடும்பமாக இறக்கிறார்கள். கூடாரத்தின் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். சமைத்து முடித்த பிராய்ப் பெட்டியை மழைக்காகக் கூடார முகப்புக்குள் இழுத்து வைப்பதும் இதே ஆபத்துதான்.

குளிருக்கு வெந்நீர்ப் பை, கம்பளி, தலைக்குல்லா.

வந்ததற்கு இதையும் சொல்லிவிடுகிறேன். யாருக்காவது சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம். கடிகாரம் பார்த்து 20. இரண்டு நிமிஷத்தில் எரிச்சல் குறைந்ததும் எடுத்துவிடாதீர்கள். வீங்குவதற்கு முன் மோதிரம், வளையல் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்க வேண்டாம். ஐஸ், பற்பசை, மஞ்சள், மாவு, வெண்ணெய் எதுவும் வேண்டாம், அதையெல்லாம் நாங்கள் மறுபடி சுரண்டி எடுக்கணும். கொப்புளத்தை உடைக்காமல் மேலே சமையலறை க்ளிங் ராப்பை (சாப்பாடு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) தளர்வாகப் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கைபேசியில் 112, இல்லை 10177. நைலான் சால்வை, பாலியெஸ்டர் டிராக்சூட்டோடு நெருப்புக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள், அது பற்றினால் உருகித் தோலில் ஒட்டும். பருத்தியோ கம்பளியோ நல்லது.

பீனிக்ஸ்_பையன்

அக்கா, இதை அப்படியே குடும்பக் குழுவில் போட்டுவிட்டேன். விறகு பற்றி யாரும் பேசவில்லையே? வீட்டு விறகு இலவசம், அங்கே மூட்டை மூட்டையாக விலை கொடுத்து வாங்கணும்.

மலைநடை

வீட்டு விறகை வீட்டிலேயே எரியுங்கள். காரணம் 2017இல் எங்கள் ஊர்த் தாவரவியல் பூங்காவில் கண்டுபிடித்த ஒரு வண்டு. ஷாட் ஹோல் போரர் என்பார்கள், இரண்டு மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும், தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. மரத்தைத் துளைத்து உள்ளே ஒரு பூஞ்சையை வளர்க்கும், அந்தப் பூஞ்சைதான் அதற்குச் சாப்பாடு. மரத்தின் நீரோட்டக் குழாய்கள் அடைபட்டு மரம் காய்ந்து சாகும். ஜோஹன்னஸ்பர்க், ஜார்ஜ், நைஸ்னா என்று அது எங்கெங்கோ போய்விட்டது. தானாகப் பறந்து அவ்வளவு தூரம் போகாது, விறகு ஏற்றிய வண்டியில்தான் போகும். உங்கள் வீட்டு மரத்தை ஏன் வெட்டினீர்கள்? காய்ந்து போனதாலா? அப்படியானால் நிச்சயம் ஏற்றாதீர்கள்.

முகாமுக்குப் பக்கத்தில், பெர்க்வில் போன்ற இடத்தில் வாங்குங்கள். நட்டாலில் பெரும்பாலும் பிளாக் வாட்டில் கிடைக்கும். தோல் பதனிடப் பட்டைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து இன்று ஓடைக்கரை எல்லாம் பிடித்துக்கொண்ட மரம் அது, தண்ணீரை உறிஞ்சித் தள்ளுகிறது. நன்றாகக் கங்கு கட்டும். அதை எரிப்பதில் எனக்கு ஒரு சந்தோஷமே உண்டு.

பூங்காவுக்குள் விழுந்த குச்சியைக் கூடப் பொறுக்கக் கூடாது. பட்ட மரத்தில் பல்லியும் பூச்சியும் பறவையும் குடியிருக்கின்றன. இதிலேயே உங்கள் மச்சானின் செயின்சாவுக்கு வேலை இல்லை என்று ஆகிவிட்டது, எடுத்துச் சொல்லுங்கள்.

கேப்_அக்கா

எங்கள் பக்கம் அதே மாதிரி ரோய்கிரான்ஸ். அதுவும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆக்கிரமிப்பு மரம், கேப் பிராய்க்கு அதைவிட உசத்தி கிடையாது. கமீல்டோரிங் என்று பெருமையாக விற்பார்கள், கங்கு மணிக்கணக்கில் நிற்கும்தான். ஆனால் அது பாதுகாக்கப்பட்ட மரம், கலஹாரி மணலில் மெதுவாக வளர்வது. எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் நான் வாங்க மாட்டேன்.

பக்கி_மாமா

விறகு விஷயத்தில் மலைநடை சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். நானும் ஒன்று சேர்க்கிறேன். வடக்கே ஜூலுலாந்து பக்கம் போனால் தம்பூட்டி மரத்தை மட்டும் தொடாதீர்கள். கரும்பழுப்பு நிறம், நல்ல வாசனை, மேசை நாற்காலி செய்தால் ஜம்மென்று இருக்கும். ஆனால் அந்தப் புகையில் சுட்டதைச் சாப்பிட்டால் வாந்தி, பேதி என்று இரண்டு நாள் படுக்கைதான். அதன் பால் கண்ணில் பட்டாலும் கஷ்டம். எங்கள் மீன்பிடிக் கூட்டத்தில் ஒருத்தர் வாசனையாக இருக்கிறதே என்று பொறுக்கிக்கொண்டு வந்தார், அந்த வார இறுதி யாரும் மீன் பிடிக்கவில்லை.

வீட்டு வேலி அரளியும் அப்படித்தான். குச்சி நேராக இருக்கிறதே என்று இறைச்சி கோத்துச் சுட்டுவிடாதீர்கள்.

ஜோபர்க்_புதுசு

மாமா, பழைய பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) பலகை? அலுவலகத்தில் குவிந்து கிடக்கிறது.

பக்கி_மாமா

பேலட்டில் முத்திரை பார். எச்.டி. என்றால் சூடு காட்டிப் பதப்படுத்தியது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு மருந்து அடித்தது, தொடாதே. ஆனால் எச்.டி.யாக இருந்தாலும் அதன் மேல் என்ன கொட்டியது என்று யாருக்குத் தெரியும்? குளிர் காயலாம், நான் அதில் சமைக்க மாட்டேன். பச்சை கலந்த வேலிக் கம்பம் என்றால் எதற்கும் கூடாது, ஆர்செனிக் ஏற்றியது, சாம்பலிலும் அது தங்கும்.

டோங்காட்_ஆயா

புரட்டாசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எல்லாரும் கோடரியிலேயே நிற்கிறீர்கள்.

இரண்டு நெருப்பு மூட்டாதீர்கள், ஐந்து குடும்பத்துக்கு ஒன்று போதும், கங்கைத்தான் இரண்டாகப் பிரிக்கணும். விரதக்காரர்கள் முதலில் சமைக்கட்டும். அவர்களுக்கு வீட்டிலிருந்தே தனிக் கம்பித்தட்டு, தனி இடுக்கி, கைப்பிடியில் மஞ்சள் நூல் கட்டி. முகாமில் ஏற்கெனவே கிடக்கும் தட்டில் யார் என்ன சுட்டார்களோ. மாட்டிறைச்சி, பன்றி எல்லாம் அதில் ஏறியிருக்கும். எரித்துத் தேய்த்தால் சுத்தம் என்று சிலர் சொல்வார்கள், விரதம் இருப்பவருக்கு மனசு ஒப்பாது. அவர்களிடம் போய் அதைத் தர்க்கம் பண்ணாதீர்கள்.

பொய்கி சட்டியில் சுகர் பீன்ஸ் கறி வையுங்கள். பீன்ஸை முந்தின இராத்திரியே ஊறப் போட்டு வீட்டில் முக்கால் வேக்காடு வேகவைத்துக் கொண்டுபோனால் விறகு பாதி மிச்சம். கத்திரிக்காயைக் கங்கில் சுட்டுத் தோலுரித்து, பச்சைமிளகாய், புளி போட்டுப் பிசையலாம். மீலி, உருளைக்கிழங்கு. ரொட்டியைக் கம்பித்தட்டில் போட்டு எடுத்தால் இறைச்சிக்காரர்கள் முதலில் இங்கேதான் வந்து கை நீட்டுவார்கள், பாருங்கள்.

சட்டி காலியானதும் சூட்டோடு பச்சைத்தண்ணீர் ஊற்றாதே. வார்ப்பிரும்பு விரியும்.

தீமிதி_தொண்டன்

கம்பித்தட்டைத் தேய்க்க ஒயர் பிரஷ் வேண்டாம். அதன் முடி உதிர்ந்து சாப்பாட்டில் போய்த் தொண்டையில் குத்தும். பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்திச் சூடான தட்டில் தேயுங்கள். விரதத்தில் வெங்காயம் தொடாதவர்கள் எலுமிச்சை.

கேப்_அக்கா

பக்கத்து இடத்துக்காரரையும் நினையுங்கள். உங்கள் புகை அவர்கள் கூடாரத்துக்குள் போகிறதா என்று ஒருமுறை அந்தப் பக்கம் நடந்து போய்ப் பார்த்தால் போதும். ஈர விறகு, பச்சை இலை, பிளாஸ்டிக் தட்டு எல்லாம் போட்டுப் புகைய விடுவது அண்டைக்காரரின் மெத்தையில் போய்ப் படியும். அலுமினியத் தாள் எரியாது, பியர் டின் எரியாது, பாட்டில் வெடிக்கும். முகாம்களில் பெரும்பாலும் இராத்திரி பத்து மணிக்கு மேல் அமைதி. ஐந்து குடும்பம் சேர்ந்தால் சத்தம் தானாக ஏறும், யாராவது ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். பாட்டுப் பெட்டியை மச்சானிடம் கொடுக்காதீர்கள்.

எலும்பையும் மீலித் தண்டையும் குழியில் விட்டுப் போனால் குரங்கும் பபூனும் வந்து கிளறும். அடுத்தது கூடாரத்தைத் திறக்கும். டர்பன்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

மலைநடை

ஓடைக்கரையிலிருந்து கல் எடுத்து வந்து நெருப்பைச் சுற்றி வட்டம் கட்டும் ஆசை சிலருக்கு உண்டு. ஈரம் ஊறிய கல் சூட்டில் உள்ளே ஆவி கட்டி வெடித்துத் தெறிக்கும். மஹாயில் ஓடை பக்கத்திலேயே ஓடுகிறது, பிள்ளைகள் கட்டாயம் கொண்டு வருவார்கள். முகாமில் ஏற்கெனவே குழி இருக்கிறது, அதிலேயே மூட்டுங்கள். புதிதாக ஒரு வட்டம் கட்டினால் புல்லுக்கு அடியில் அந்தத் தழும்பு பல வருஷம் நிற்கும்.

பாரஃபின் இரண்டு லிட்டரையும் வீட்டில் வையுங்கள். முக்கியமாக, எரிகிற நெருப்பிலோ அணைந்த மாதிரி இருக்கும் கங்கிலோ அதையோ ஸ்பிரிட்டையோ ஊற்றக் கூடாது. தீ ஊற்றிய வழியே பாட்டிலுக்குள் ஏறி வரும். ஒரு பெட்டி ஃபயர்லைட்டர், லயன் தீப்பெட்டி இரண்டு, அதில் ஒன்று நனையாமல் ஜாடிக்குள். போதும்.

பீனிக்ஸ்_பையன்

சரி, புதுப்பட்டியல். நீளக் கைப்பிடி ஸ்பேட் ஒன்று. இரும்பு வாரி ஒன்று. பத்து லிட்டர் வாளி இரண்டு, விறகுக்கு முன்னாலேயே நிரப்பி நெருப்புக்குப் பக்கத்தில் வைப்பது. தோல் கையுறை. நீள இடுக்கி இரண்டு, ஒன்றில் மஞ்சள் நூல். கம்பித்தட்டு இரண்டு. தலையில் மாட்டும் விளக்கு. சின்னக் கைக்கோடரி, உறையோடு, வாங்கிய விறகில் சிராய் பிளக்க மட்டும். பொய்கி சட்டி. நெருப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சமைக்க 7ஆம் நம்பர் கேஸ் சிலிண்டரும் அடுப்பும். க்ளிங் ராப்.

முக்காலியும் சங்கிலியும் கழித்தாயிற்று, பொய்கிக்குத்தான் மூன்று கால் இருக்கிறதே. ஊதுகருவியும் வேண்டாம், பொறி பறக்கும். மச்சான் செயின்சாவுக்கு இன்னும் அழுகிறார்.

பக்கி_மாமா

7ஆம் நம்பர் மூன்று கிலோ, ஐந்து குடும்பத்துக்கு வார இறுதி தாங்கும். ரெகுலேட்டர் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று வீட்டிலேயே பார். லோட்ஷெடிங் (மின்வெட்டு) புண்ணியத்தில் இப்போ எல்லார் வீட்டிலும் கேஸ் இருக்கிறது, ரப்பர் குழாய் மட்டும் யாரும் மாற்றுவதில்லை.

வாளி விஷயம்: கொண்டு வரலாம், தடுக்கவில்லை. ஆனால் இராத்திரி ஒருமுறை, காலையில் கிளம்பும்போது ஒருமுறை என்று ஊற்றினால் குழி சேறாகும் என்று நான் சொன்னது சொன்னதுதான்.

டோங்காட்_ஆயா

சேற்றில் கால் வைத்தால் கழுவிக்கொள்ளலாம் தம்பி.

ஜோபர்க்_புதுசு

ஒரு கடைசிக் கேள்வி. அணைத்த சாம்பலை என்ன செய்வது? கறுப்புப் பையில் கட்டிக் குப்பைத்தொட்டியில் போடலாமா?

தீமிதி_தொண்டன்

பையில் வேண்டாம். முகாமில் பெரும்பாலும் சாம்பலுக்கு என்று தனி டின்னோ இடமோ இருக்கும், அலுவலகத்தில் கேளுங்கள். இல்லாவிட்டால் நனைத்த சாம்பல் குழியிலேயே இருக்கட்டும், அடுத்தவருக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக வாரி வையுங்கள். தகரக் குப்பைத்தொட்டியில் முந்தின நாள் காகிதம் கிடக்கும், நடுச்சாமத்தில் தொட்டியே பிராய் ஆகிவிடும்.

பீனிக்ஸ்_பையன்

குறித்துக்கொண்டேன். வியாழக்கிழமை விடியற்காலை கிளம்புகிறோம், நிறம் பார்க்கும் பொறுப்பை மச்சானுக்கே கொடுத்திருக்கிறோம். ஆயா, அந்தக் கத்திரிக்காய்க்கு ஐந்து குடும்பத்துக்குப் புளி எவ்வளவு?

டோங்காட்_ஆயா

பெரிய எலுமிச்சங்காய் அளவு, வெந்நீரில் கரைத்து. உப்பைக் கடைசியில் போடு.